மனையும் வாரியமும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்தரமேரூர் என்றோர் ஊர் உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் அவ்வூர்ச் சபையார் கூடிச் செய்த தீர்மானங்கள் இரண்டு, அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் கற்களில் இன்றும் காணக் கிடக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாக வகுத்து, தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, எடுத்த ஓலைக்குரியாரை வாரியப் பெருமக்களாக அமர்த்திக்கொண்ட வரலாறு அதில் விரிவாகச் சொல்லப்பட்டுள்ளது. ஏரியைப் பார்க்க ஒரு வாரியம். தோட்டங்களைப் பார்க்க ஒரு வாரியம். பொன்னின் மாற்றை ஆராய ஒரு வாரியம். பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். கணக்குக் காட்டாது போனவனும் அவன் சுற்றத்தாரும் மறுபடி அப்பக்கம் தலைகாட்டுதல் இயலாது.

இவையெல்லாம் பள்ளிக்கூடப் பாடமாக யாவரும் படித்தவையே. ஆயின் பாடம் நடத்தும் எம்மனோர் சற்று விரைந்து கடந்து செல்லும் இடம் ஒன்று அக்கல்வெட்டில் உண்டு. குடத்துள் பெயர் புகுதற்குரிய தகுதி யாது? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையனாதல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்கு உட்படுதல் வேண்டும். தனக்கு உரிமையான மனையிலே வீடெடுத்து வாழ்பவனாதலும் வேண்டும்.

மாத்தளை மாவட்டத்து யட்டவத்தப் பகுதித் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அமர்ந்திருந்த வகுப்பொன்றில் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர் தேர்தல் நடத்தினர் என்று வழக்கம்போல் மார்தட்டிக்கொண்டிருந்த வேளை. பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “அப்படின்னா எங்க அப்பா பேரைக் குடத்துல போடமாட்டாங்களா, சேர்?” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தந்தைக்குக் கால் வேலி நிலமும் இல்லை. காலடி மனையும் இல்லை. பாட்டன், பூட்டன் காலந்தொட்டு அவர்கள் வாழ்வது தோட்டத்து லயத்தில். அம்மாணவன் வினாவுக்கு அன்று நான் சொன்ன விடை, மணி அடித்தபடியால் தப்பித்தது.

ஒரு வட்டாரத்தின் வீட்டுத் தேவை யாது என ஆராய்வதற்கு ஒரு குழு அமைகின்றது என்றால், அக்குழு முதலில் விடைகாண வேண்டிய வினா அம்மாணவன் வினாவே என்பது என் கருத்து. எவர் எண்ணப்படுகின்றார்? எவர் எண்ணுகின்றார்? வீடு என்று எதனைக் கொள்கின்றோம்? இவற்றில் வழுவிய பின்பு, படிவம் எத்தனை பக்கம் அச்சிட்டும் பயனில்லை.

யட்டவத்த நகரமன்று. மாத்தளை மாநகரின் எல்லைக்கு வெளியே, தனிப் பிரதேச செயலகமும் தனிப் பிரதேச சபையும் உடைய மலைசார்ந்த வட்டாரம். தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் தென்னையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளரும் மாத்தளைச் சீமையின் ஒரு பகுதி. சிங்களத்தில் ‘யட்ட’ என்பது கீழ் என்றும், ‘வத்த’ என்பது தோட்டம் என்றும் பொருள்படும். இவ்விரண்டாவது சொல் வேடிக்கையான சொல். மலைநாட்டில் வத்த எனின் துரைமார் நட்ட பெருந்தோட்டம். கொழும்பிலோ, ஒரு முடுக்குக்குள் நுழைந்தால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒற்றை அறைக் குடியிருப்பு வரிசைகளுக்கும் வத்த என்றே பெயர். கொழும்புத் தமிழரும் அவற்றைத் ‘தோட்டம்’ என்றே வழங்குவர். ஒரு பொதுக் குழாய், ஒரு பொதுக் கழிப்பிடம், வரிசை வரிசையாகக் கதவுகள். மலையிலும் மாநகரிலும் ஒரே சொல் ஒரே விதமான வாழ்க்கையைக் குறிக்க வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் நகரத்து வட்டாரம் ஒன்றை ஆராய்ந்த முறைகளை யட்டவத்தவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம் என்ற துணிவை எனக்கு அளித்தது அச்சொல்லே.

வட்டாரத்தைப் பார்த்து அறிதல் என்னும் கலையில் இந்நாடுகளுக்கு வழிகாட்டியவர் ஸ்கொத்லாந்து தேயத்துப் பற்றிக் கெடிஸ் என்னும் பெரியார். செடிகொடிகளை ஆராயும் புலவராகத் தொடங்கி நகரங்களை ஆராய்பவராக முடிந்தவர். 1914ஆம் ஆண்டு சென்னைக்கு அவர் புறப்பட்டபோது, நகரமைப்புக் கண்காட்சிக்கெனப் பல்லாண்டு சேர்த்த படங்களையும் வரைபடங்களையும் வேறொரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். அக்கப்பலை எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் கடலில் மூழ்கடித்துவிட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 22ஆந் தேதி இரவு சென்னை மீது குண்டு பொழிந்த அதே எம்டன். சூழ்ச்சிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்லுகிறோமே, அந்த எம்டன். கெடிஸ் சோரவில்லை. நண்பர்கள் வழியாக வேறு படங்களைத் திரட்டி 1915ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார்.

அதனினும் பெரிது அவர் பின்னர்ச் செய்தது. சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றை நடந்து பார்த்தார். மதுரையையும் தஞ்சையையும் பற்றி அறிக்கை வரைந்தார். அக்காலத்துப் பொறியியலாளர், நெருக்கமான பகுதியொன்றைக் கண்டால் வரைபடத்தின்மீது அடிமட்டத்தை வைத்துக் கோடிழுப்பர். கோட்டின் கீழ் அகப்பட்ட வீடுகள் யாவும் இடிபடும். இடிபட்டவர் எங்கே போவர் என்பது அவர்தம் கணக்கில் வராது. கெடிஸ் இதனை மறுத்தார். வைத்தியன் கத்தியை எடுப்பதன் முன் நோயை அறிதல் வேண்டாவோ என்பது அவர் வினா. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் படித்தவர்க்கு இது புதிய கருத்தன்று. ஆயினும் நகரசபையார்க்குப் புதிதாகவே இருந்தது. கெடிஸ் தெருத்தெருவாக நடந்தார். எந்த வீடு பாழ், எது பழுது பார்த்தால் நிற்கும், எந்தக் கிணற்றடியில் பெண்கள் கூடுகின்றனர், எந்த மரத்தடியில் முதியோர் இருக்கின்றனர் என்று குறித்தார். பாழ்மனை ஒன்றிரண்டை மட்டும் நீக்கி அவ்விடத்தைக் காற்றோட்டத்துக்கு விட்டார். இதனைப் பேணும் சத்திர வைத்தியம் என்று பெயரிடலாம். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் சொன்ன வழி, நேர்தெருக்கள் வெட்டும் திட்டத்தினும் செலவில் மிகக் குறைந்தது.

இலங்கைக்கும் அவர் வந்தார். கொழும்பின் நகரமைப்புப் பற்றி 1921ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை அளித்தார். கீழைத்தேயத்தின் பூங்கா நகரமாகக் கொழும்பு விளங்க வேண்டுமென்பது அவர் கனவு. பூங்காக்கள் சில அமைந்தன, ‘தோட்டங்கள்’ பெருகின. இதனை எண்ணினால் நகைப்பதா நோவதா என்று தெரியவில்லை.

மக்களே தம் வட்டாரத்தை ஆராயும் முறை கொழும்பிலே தலையெடுக்க அறுபது ஆண்டுகள் சென்றன. 1978ஆம் ஆண்டு ஓரிலட்சம் வீட்டுத் திட்டமும் 1984ஆம் ஆண்டு பத்திலட்சம் வீட்டுத் திட்டமும் தொடங்கின. பின்னதன் நகரப் பகுதி வேலைகளில் ஒரு புதுமை உண்டு. குடிசைப் பகுதி வாசிகளின் சமுதாய அபிவிருத்திச் சபையும் வீடமைப்பு அதிகாரசபையின் உத்தியோகத்தரும் இரண்டொரு நாள் ஒருங்கிருந்து பேசுவர். என்ன குறை, எது முதலில், யார் செய்வது என்று வாசிகளே சொல்லி எழுதுவிப்பர். காணியைப் பிரிக்கும் நாளில் வாசிகளும் உடனின்று எல்லை குறிப்பர். அங்கே சந்து எவ்வளவு அகலம் வேண்டுமென்பதைத் தீர்மானித்தவர், அச்சந்தில் தண்ணீர்க் குடத்தோடு நடக்கவிருந்தவர். குறைகள் இல்லாத முறை என்று சொல்லவில்லை. கடன் திரும்பாமையும் கட்சிச் சார்பும் அதிலும் புகுந்தன. ஆயினும் வினவுவோனும் விடைசொல்வோனும் ஒரே பாயில் இருந்தனர்.

இனி யட்டவத்தவுக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபைதோறும் அமையும் குழுக்களுள் வீடமைப்புக்கும் சமுதாய அபிவிருத்திக்குமான குழுவையும் ஒன்றாகக் கொண்டுள்ளது. ஆக, வீட்டுத் தேவையை ஆராய்தற்குரிய வாரியம் சட்டத்தின்படியே உண்டு. ஆனால் அதே சட்டம், தோட்டத்துக் குடியிருப்புக்களில் சபைப் பணத்தைச் செலவிடுதற்கு வழிவிடாதிருந்தது. தோட்டம் கம்பெனியின் நிலம். பொதுப்பணம் தனியார் நிலத்தில் புகலாகாது என்பது நியாயம். லயத்துக்குப் போகும் பாதையும், லயத்துப் பீலியும், லயத்துப் பிள்ளைகள் கால்வைக்கும் பாலமும் அந்த நியாயத்தின் மறுபுறத்தே கிடந்தன. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தனர், உறுப்பினரும் ஆயினர், தம் வீட்டு வாசலுக்கு ஒரு விளக்குக் கேட்கும் உரிமை மட்டும் இல்லை. 2018ஆம் ஆண்டிலேதான் சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! குடத்துள் ஓலையை இட்டுவிட்டு, எடுத்த ஓலையைப் படிக்காமல் வைத்திருந்த காலம் அது எனலாம்.

லயம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பண்டிதர்க்கு லயம் எனின் தாளத்தின் ஒழுங்கு. ஒன்றுதல் என்றும் பொருளுண்டு. தோட்டத்து லயமோ ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் தேய்ந்தது. வரிசையாகக் கட்டிய கொட்டில். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காம்பரா. பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. கூரை தகரம். ஒற்றை லயமாயின் பின்சுவரில் ஒரு சாளரமாவது வைக்கலாம். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசை, காற்றுக்கு முன்கதவு ஒன்றே வழி. கோப்பிக் காலத்தில், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்க்காக எழுப்பப்பட்டவை. வந்தவர் பருவம் முடிந்தால் திரும்பிவிடுவர் என்பது துரைமார் எண்ணம். தேயிலை வந்தது, தேயிலைக்குப் பருவமில்லை, வந்தவர் தங்கினர். கொட்டில் மட்டும் தற்காலிகக் கொட்டிலாகவே தலைமுறைகளைத் தாண்டிற்று. 2023ஆம் ஆண்டில், மலையகத்தார் வருகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து வந்தனர். முன்னோர் நடந்த வழியை நினைவூட்டிய நடை. முடிந்த இடம் மாத்தளை. அங்கிருந்து யட்டவத்தத் தோட்டங்கள் கூப்பிடு தூரமன்றாயினும் கால்நடைத் தூரமே.

லயத்துக் காம்பராவின் பெருங்குறை அதன் சிறுமையன்று. அது வேலையோடு பிணைக்கப்பட்டமையே. தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்தெடுப்பார் ஒருவர் குடும்பத்தில் இருக்கும்வரை காம்பரா உண்டு. அவர் ஓய்வுற்று, பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால், ‘இக்காம்பராவில் இருப்பார் யார்?’ என்னும் வினா தோட்டக் கந்தோரில் எழும். நிலமோ, கம்பெனியினுடையதாய் இருந்து, 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசினுடையதாகி, 1992ஆம் ஆண்டின் பின் பெரும்பகுதி மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயிற்று. கைமாறிய ஒவ்வொரு முறையும் நிலத்தோடு லயமும், லயத்தோடு குடியிருந்தாரும் சேர்ந்தே கைமாறினர். சீர்திருத்தக் காலத்தில் மாத்தளை, கண்டிப் பகுதிகளில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டபோது அங்கிருந்தார் பலர் வேலையும் காம்பராவும் ஒருசேர இழந்து வன்னிப் பக்கம் சென்றமையை முதியோர் இன்னும் சொல்வர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தார்க்கு, காணி கேட்கும் வாயேது?

நல்லனவும் நிகழ்ந்துள்ளன. அவற்றை மறைத்தல் நேர்மையன்று. 2015ஆம் ஆண்டின் பின் ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் உறுதியும் என்னும் கொள்கை உருவாயிற்று. ஏழு பேர்ச்சஸ் எனின் ஆயிரத்துத் தொளாயிரம் சதுர அடிக்குச் சற்று மேல். நூற்றிருபது சதுர அடிக் காம்பராவிலிருந்து வருவார்க்கு அது ஒரு நாடு. இந்திய அரசு முதலில் 4,000 வீடுகளும், 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டிலே அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் கட்டித்தர முன்வந்தது. 2018இல் மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கான அதிகாரசபைச் சட்டமும் நிறைவேறிற்று. ஆயினும் பெருந்தொகையினர் இன்றும் லயத்திலேயே இருக்கின்றனர்.

ஆய்வு மட்டும் போதாது என்பதற்கு ஒரு துன்பச் சான்று உண்டு. பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆய்வில்லாத இடமன்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் அவ்விடம் ஆபத்தானதென்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தனர். வெளியேறுக என்று சொன்னவர், எங்கே வெளியேறுவது என்பதற்கு மண்ணைக் காட்டவில்லை. உறுதி உடையவன் காணியை விற்றாயினும் வேறிடம் போவான். காம்பராவை மட்டும் உடையவன் எதை விற்பான்? மாத்தளையும் மண்சரிவுக்கு ஆளாகும் மாவட்டங்களுள் ஒன்று. இங்கே வீட்டுத் தேவையை ஆராய்வோர், வீட்டை எண்ணும்போதே அதன் மேலுள்ள சரிவையும் எண்ணுதல் வேண்டும்.

அக்குழு யட்டவத்தவில் எதை வினவலாம்? ‘எத்தனை காம்பரா பழுது?’ என்று தோட்டக் கந்தோரில் கேட்டு எழுதிக்கொண்டு திரும்புவது எளிது. பழுது என்பது கூரையைப் பற்றிய சொல். தேவை என்பது ஆளைப் பற்றிய சொல். ஒரு காம்பராவில் எத்தனை அடுப்பு எரிகின்றது என்று கேட்க வேண்டும். மகன் மணம் முடித்தபின் இஸ்தோப்பை அடைத்து அதில் குடியிருந்தால், அது ஒரு வீடா, இரண்டா? தீபாவளிக்கு மட்டும் வரும் பிள்ளைகள் எண்ணத்தில் சேர்வரா? பெரிய பெண் பிள்ளை உடைமாற்றும் இடம் யாது? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இரவில் எங்கே அமர்கின்றது? ஓய்வு பெற்றவர் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கின்றது? தபால் எங்கே வருகின்றது? தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் நெடுங்காலம் கந்தோரின் கைவழியாகவே லயத்துக்குப் போயின. நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து கைக்கு வந்து, வேலை இழந்த மாணாக்கரை யான் அறிவேன். கதவுக்கு ஓர் எண் இல்லாமை சிறிய குறையாகத் தோன்றும். அரசாங்கத்தின் எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதலில் நிற்பது முகவரிதான்.

இன்னும் ஒன்று: வீட்டுக்காரர் யார் என்று எவரிடம் கேட்பது? விடியலில் எழுந்து, அடுப்பு மூட்டி, பீலியில் தண்ணீர் பிடித்து, பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலையேறுபவள் பெண். பகலில் லயத்துக்குப் போகும் குழுவுக்கு அவள் அகப்படமாட்டாள். மாலையில், கொழுந்து நிறுத்த பின், அவள் கூடையை இறக்கி வைக்கும் வரை காத்திருத்தல் வேண்டும். உறுதி எழுதும்போது அவள் பெயரும் எழுதப்படுதல் வேண்டும். உத்தரமேரூர்க் குடத்தில் பெண்பெயர் எழுதிய ஓலை புகவில்லை. இன்று உள்ளூராட்சி மன்றங்களில் நாலிலொரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றது. ஆதலின் இதனைக் குழுவிலிருந்தே தொடங்கலாம்.

குழுவில் யார் இருப்பது என்பதுதான் எனக்குப் பெரிய வினா. உத்தரமேரூரார் குறை, மனையுடையான் மட்டுமே மனையைப் பற்றிப் பேசத் தக்கவன் என்று கொண்டமை. ஏரி வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் அது ஒருவாறு பொருந்தலாம். வீட்டு வாரியத்துக்குப் பொருந்துமா? தமிழ்நாட்டில் 1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் என்ற பெயரில் அச்சொல் மறுபடி உயிர்த்தெழுந்தது. 2021இல் அந்த அமைப்பின் பெயரும் மாறி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. பெயரில் குடிசை போய்விட்டது, வாரியம் நின்றது. வாரியத்தில் குடிசையார் எத்தனை பேர் அமர்ந்தனர் என்பதைப் பெயர்ப்பலகை சொல்லாது. யட்டவத்தவில் அமையும் குழுவில் தோட்டத்தார் நால்வர், கிராமத்தார் நால்வர் என்று அமர்ந்தால், சிங்களக் கிராமத்தின் காணித் தட்டுப்பாடும் அதே மேசைக்கு வரும். அதுவும் வரவேண்டியதே. கிராமத்து மக்களின் நிலத்தைக் கோப்பி வளைத்ததும், தோட்டத்து மக்களை லயத்துள் அடைத்ததும் ஒரே துரைத்தனம். இருவரும் தத்தம் வேலிக்கு இப்பால் நின்று ஒருவரையொருவர் நோக்கி ஐயுறுவது அத்துரைத்தனம் விட்டுச்சென்ற மிச்சம்.

குடத்தைப் பற்றி வினவிய மாணவன், அதே தவணையில் ‘எங்கள் வீடு’ என்ற பொருளில் கட்டுரை ஒன்றும் எழுதினான். முதல் வாக்கியம் ‘எங்கள் லயம் மேட்டு லயம்’ என்பது. யான் லயத்தை வெட்டிவிட்டு மேலே சிவப்பு மையால் ‘வீடு’ என்று எழுதினேன். வழக்குச் சொல் கட்டுரையில் வரலாகாது என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன். பிறகுதான் முழுவதும் படித்தேன். காம்பராவின் நீளம் அப்பாவின் காலடியில் பதினொன்று, அகலம் ஒன்பது என்று அளந்து எழுதியிருந்தான். பாட்டி கதவோரம், அம்மாவும் தங்கையும் அடுப்புப் பக்கம், அப்பா இஸ்தோப்பில், தான் மேசைக்குக் கீழே என்று படுக்கும் இடங்களை முறையாகச் சொல்லியிருந்தான். மழை நாளில் அப்பாவும் உள்ளே வரவேண்டியிருப்பதால் தான் உட்கார்ந்தே உறங்குவதாகவும், அந்நாட்களில் பாடம் நன்றாக மனனமாவதாகவும் எழுதி முடித்திருந்தான். நூற்றுக்கு அறுபத்தைந்து புள்ளி இட்டேன். அவன் கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தச் சிவப்புத் திருத்தம் இன்னும் அதில் அப்படியே இருக்கும்.